பெட்ரோலுக்கும் ஒரு ராகம்

நான் முதன்முதலில் பார்த்த பிரெஞ்சு மழை ரோஜா நிறத்தில் பெய்தது. 1984, கார்த்திகை மாதம். புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு வீதி தள்ளி, ஆளுயரச் சன்னல்களும் சுண்ணாம்பு உதிரும் சுவர்களுமாக இருந்த ஒரு கூடத்தில், பிரம்பு நாற்காலி, மடக்கு நாற்காலி, கடைசியில் ஒரு பெஞ்சு என்று கலந்துகட்டிப் போட்டிருந்த இருக்கைகளில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தோம். வெளியே நம்மூர் அடைமழை. உள்ளே, வெள்ளைத் துணித் திரையில், ஒரு துறைமுகத்தின் கல்பாவிய தரையைக் காமிரா மேலேயிருந்து குனிந்து பார்க்கிறது. குடைகள் ஒவ்வொன்றாகக் குறுக்கே போகின்றன. குடைக்குக் கீழே இருப்பவர்களின் முகம் தெரியவில்லை, அவர்கள் நடக்கிற நடையிலிருந்துதான் ஆணா பெண்ணா, அவசரமா நிதானமா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. கல், குடை, தண்ணீர் எல்லாமே ஒரே ரோஜா நிறம். அந்த ஊர் மழைக்கு அப்படியொரு நிறம் போலிருக்கிறது என்று பத்தொன்பது வயதில் நான் நம்பினேன். அந்த நம்பிக்கை பல வருடம் என்னிடம் பத்திரமாக இருந்தது.

படம் ‘ஷெர்பூரின் குடைகள்’. ழாக் தெமி இயக்கி, மிஷெல் லெக்ராந் இசையமைத்து, 1964-இல் வெளிவந்து, அந்த வருடமே கான் திரைப்பட விழாவின் தலைமைப் பரிசைப் பெற்ற படம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சைக்ளோஸ்டைல் செய்து தபாலில் வந்த அரைத்தாள் அறிவிப்பில் இருந்த ‘காதல் கதை, வண்ணம், 91 நிமிடம்’ என்ற ஒரு வரிதான். அந்தக் காலத்தில் ஒரு படத்தைப் பார்க்க அதுவே போதும். ஒரு வாரம் அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, மடிப்பு கிழியும்வரை எடுத்தெடுத்துப் பார்த்து, படம் எப்படி இருக்கும் என்று நாமே ஒன்றை மனத்துக்குள் எடுத்து முடித்திருப்போம். உங்களுக்கும் அப்படி ஒரு தாள் இருந்திருக்கும்.

படத்தில் கீழே எழுத்து ஓடவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சோ ‘பொன்ழூர்’, ‘மெர்சி’யோடு சரி. ஆனால் பக்கத்து நாற்காலியில் எதிர்வீட்டு சொல்தா பெரியப்பா இருந்தார். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். பிரெஞ்சில் அது சிப்பாய்க்குப் பெயர். பெரியப்பா இந்தோசீனாவில் இருந்தவர், பிறகு அல்ஜீரியாவில் இருந்தவர். ஜூலை 14 வந்தால் கோட்டும் மெடலுமாகக் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்கு நடந்து போவார். மற்ற நாளெல்லாம் கைலியும் முண்டா பனியனும். சினிமாவுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. ‘கதையில அல்ஜேரி வருதாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அன்றைக்கு என்னோடு குடையில் ஒண்டிக்கொண்டு வந்தார்.

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் பேசுவதே இல்லை. கராஜில் மெக்கானிக் பாடுகிறான், முதலாளி பாடுகிறார், வண்டியை எடுக்க வந்தவர் பாடுகிறார். நம் படங்களில் பேச்சு நின்று பாட்டு வரும், பாட்டு முடிந்து பேச்சு வரும். இங்கே அந்த வாசலே இல்லை. வயலின்கள் எழுந்து எழுந்து அடங்க, பாட்டு மேல் பாட்டாக வர, எத்தனை பெரிய கவிதைகளையெல்லாம் இவர்கள் பாடிக்கொள்கிறார்களோ என்று ஏக்கமாக இருந்தது. பெரியப்பாவின் தோளைத் தொட்டு, என்ன பாடுகிறார்கள் என்று கேட்டேன்.

‘இன்ஜின் குளுந்து கிடக்கச்ச கொஞ்சம் தட்டுதாம், அது சகஜந்தானாம்’ என்றார்.

அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாட்டில்லை. அடுத்த ஒன்றரை மணி நேரமும் என் காதோரமாகக் குனிந்து, வெற்றிலை வாசனையோடு, அத்தனை பாட்டையும் அவர் தமிழில் இறக்கி வைத்துக்கொண்டே வந்தார். ‘இன்னிக்கு வேலை முடிய நேரமாகுமான்னு கேக்கறார்.’ ‘இன்னொருத்தன் சொல்றான், எல்லாரும் பாடிக்கிட்டே இருக்கற ஓப்பேரா எனக்கு ஆவாது, சினிமாதான் புடிக்கும்னு.’ அதையும் அவன் பாடித்தான் சொன்னான். ‘அந்தப் பொண்ணு அம்மாகிட்ட பொய் சொல்லுது.’ ‘கடைக்குக் கட்டவேண்டிய பணம் நிக்குது, அம்மா நகையை விக்கலாம்ங்குது.’ ‘குளிரப்போவுது, கோட்டப் போட்டுக்கோன்னு சொல்லுது.’ வானத்திலிருந்து இறங்கிய இசையின் மேல் இத்தனை சாதாரண வார்த்தைகள். என் காதல் அறிவெல்லாம் அதுவரை பாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்தது. நிலவும் தென்றலும் இல்லாமல் காதல் ஓரடி நகராது என்றிருந்தவன் நான். இஞ்சினையும் கோட்டையும் கடனையும் பாடலாம், பாடினால் தொண்டை அடைக்கும் என்று சொல்லித்தந்தது ஒரு ஓய்வுபெற்ற சிப்பாயின் மொழிபெயர்ப்பு. எழுத்து ஓடும் பிரதியைப் பார்த்திருந்தால் இந்தப் பாடம் எனக்குக் கிடைத்திருக்குமா என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன்.

கதையைச் சொல்வது எளிது. 1957 நவம்பர். ஷெர்பூரில் குடைக்கடை வைத்திருக்கும் விதவைத் தாயின் மகள் ழான்வியேவ். கராஜில் வேலை செய்யும் கீ. இருவருக்கும் காதல். கீயை இரண்டு வருட ராணுவ சேவைக்கு அல்ஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அவள் வயிற்றில் அவன் குழந்தை. அவள் காத்திருக்கிறாள், கடிதங்கள் குறைகின்றன, ரோலாந் கசார் என்ற வைர வியாபாரி, குழந்தை இன்னொருவனுடையது என்று தெரிந்தே அவளை மணக்க முன்வருகிறார், மணக்கிறாள். கீ காலில் காயத்தோடு திரும்பி வரும்போது குடைக்கடை கைமாறிவிட்டது. கொஞ்ச காலம் சீரழிந்து, பிறகு தன் அத்தையைக் கவனித்துக்கொண்ட மதலேனை மணக்கிறான். 1963 டிசம்பர், கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவு, பனி பெய்யும்போது, அவனுடைய பெட்ரோல் நிலையத்தில் ழான்வியேவின் கார் தற்செயலாக வந்து நிற்கிறது. ‘புறப்பாடு’, ‘பிரிவு’, ‘வரவு’ என்று மூன்றே பகுதி. நம் கிராமத்துக் கதைப்பாடல்களில் நூறு கிடைக்கும்.

ரயில் நிலையக் காட்சியில் கரண்ட் போய்விட்டது. கீ ரயிலில் ஏறி, ரயில் நகர்ந்து, ழான்வியேவ் நடைமேடையில் சிறுத்துக்கொண்டே போகும்போது, சரியாக அந்த இடத்தில், ப்ரொஜெக்டர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அறுபது பேரும் தாழ்வாரத்துக்கு வந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கி வந்தார். முன்பின் தெரியாதவர்கள், அந்தப் பெண் காத்திருப்பாளா மாட்டாளா என்று பேசிக்கொண்டார்கள். ஒரு பேராசிரியர், மாட்டாள் என்றார். ஒரு செவிலியர் அம்மா, ‘ஏன் மாட்டா?’ என்று கோபித்துக்கொண்டார். நாற்பது நிமிடம் அந்தப் பெண் நடைமேடையிலேயே நின்றுகொண்டிருந்தாள், நாங்களும் அவளோடு நின்றோம். இன்றைக்கு என் கைப்பேசியில் அந்தப் படம் எந்தத் தடங்கலுமில்லாமல் ஓடுகிறது. ரயில் போன மறுநொடி அடுத்த பகுதி வந்துவிடுகிறது. காத்திருப்பைப் பற்றிய ஒரு படத்தைக் காத்திருந்து பார்த்த அந்த நாற்பது நிமிடம் மட்டும் எந்தப் பிரதியிலும் சேரவில்லை.

கரண்ட் வந்த பிறகு ‘பிரிவு’. கடிதம் ஏன் வரவில்லை என்று ழான்வியேவ் அழுதாள். பெரியப்பா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மெதுவாக, என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். திரையைப் பார்த்தபடியே, ‘எழுதறதுக்கு என்னா இருக்கும் தம்பி, மணலும் பயமுந்தான்’ என்றார். அது ழான்வியேவுக்குச் சொன்ன பதில் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. 1957-இல் கீ எந்த நாட்டுக்குப் போனானோ அதே நாட்டில் அதே வருடத்தில் பெரியப்பாவும் இருந்தார். முத்தியால்பேட்டையில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் பெரியம்மா காத்திருந்தார். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரியப்பாவின் கடிதங்களைத் தெருக்கோடி வாத்தியார்தான் வந்து படித்துக் காட்டுவாராம். அடுத்தவர் வாயால் கேட்க வேண்டிய கடிதத்தில் மனத்தை எழுத முடியுமா என்ன? அதனால் பணம் அனுப்பியதும் உடம்பு சௌக்கியமும் மட்டுமே அவற்றில் இருக்கும்.

அல்ஜீரியப் போரைப் போர் என்று சட்டத்தில் எழுத பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு 1999 ஆயிற்று. அதுவரைக்கும் அரசாங்கத்து மொழியில் அது ‘நிகழ்ச்சிகள்’. சண்டை ஓய்ந்தது 1962-இல். இரண்டே வருடத்தில், ஊதா நிறச் சுவரும் ஆரஞ்சு நிறச் சுவருமாகப் பாடிக்கொண்டிருக்கும் ஒரு காதல் படத்துக்குள் தெமி அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். துப்பாக்கி ஒன்றுகூடத் திரையில் வெடிக்கவில்லை. ஒரு இளைஞன் போகிறான், நொண்டிக்கொண்டு வருகிறான், அவ்வளவுதான். கீ நொண்டியபடி ஊருக்குள் நுழைந்தபோது பெரியப்பா தன் நாற்காலிக்கு அடியில் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. வழியெல்லாம் நான் ழான்வியேவைத் திட்டிக்கொண்டே வந்தேன். இரண்டு வருடம் பொறுக்க முடியாதா, வைரத்துக்கு மயங்கிவிட்டாளே என்று பத்தொன்பது வயதின் முழு நியாயத்தோடு தீர்ப்பு எழுதினேன். பெரியப்பா வீட்டு வாசலில் நின்று, ‘தம்பி, அதுல யாருமே கெட்டவங்க இல்ல, பாத்தியா?’ என்றார். பாராட்டா குறையா என்று அன்று தெரியவில்லை.

அதன் பிறகு இருபது வருடம் அந்தப் படம் என் கண்ணில் படவில்லை. படச்சுருள் பெட்டிக்குள் போய், ரயிலேறி, வேறு ஊருக்குப் போய்விட்டது. அதுதான் அன்றைய வழக்கம். ஒரு படத்தை ஒரு தரம் பார்த்து, மிச்ச காலமெல்லாம் அதன் நினைவைப் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டு காதலர்களும் பிரியும்போது வரும் அந்த மெட்டை மட்டும் நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். சைக்கிளில் போகும்போது, வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, பெண் பார்க்கப் போன வீட்டுத் திண்ணையில், பிறந்த மகளைத் தோளில் போட்டுத் தட்டும்போது. 2000-க்குப் பிறகு ஒருநாள் டிவிடியில் படம் கிடைத்தபோதுதான் தெரிந்தது, மூன்றாவது வரியில் மெட்டு ஏற வேண்டிய இடத்தில் நான் இத்தனை காலமும் இறக்கிக்கொண்டிருந்தேன் என்று. லெக்ராந்தின் மெட்டு எவ்வளவோ அழகு. ஆனாலும் என் மகள் தூங்கியது என் மெட்டுக்கு. அதை நான் திருத்திக்கொள்ளவில்லை.

டிவிடியில் மழை ரோஜா நிறத்தில் பெய்யவில்லை. திரை விரிந்ததும் நான் அதிர்ந்து எழுந்து நின்றேன். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று குடைகள். பண்டிகைத் துணிக்கடை போலச் சுவர்கள். பெர்னார் எவேன் வடிவமைத்த அந்த அறைகளில், ழான்வியேவின் உடையில் இருக்கும் பூக்கள் சுவர்த்தாளின் பூக்களோடு கலந்து, அவள் நிற்கிறாளா சுவரே நிற்கிறதா என்று மயக்குகிறது. நான் முன்பு பார்த்தது சாயம் போன பிரதி. அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் பிலிமில் நீலமும் மஞ்சளும் வெளிறிப்போய்ச் சிவப்பு மட்டும் தங்கிவிடும். தெமிக்கு இது தெரிந்திருந்தது. அதனால் மூன்று வண்ணங்களையும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு கறுப்புவெள்ளைச் சுருளில் பதித்து எடுத்து வைத்திருந்தார், கறுப்புவெள்ளை மங்காது. 1990-இல் அவர் இறந்துவிட்டார். அந்த மூன்று சுருள்களையும் ஒன்றுசேர்த்து வண்ணத்தை மீட்டவர் அவர் மனைவி ஆக்னெஸ் வர்தா, அவரும் பெரிய இயக்குநர். கணவன் கறுப்புவெள்ளையில் சேமித்து வைத்த வண்ணத்தை, அவன் போன பிறகு மனைவி எடுத்து உலகத்துக்குக் காட்டுகிறாள். படத்தில் நிறைவேறாத காத்திருப்பு ஒன்று படத்துக்கு வெளியே நிறைவேறியது என்று எனக்குத் தோன்றும்.

வண்ணத்தோடு வேறொன்றும் அந்த முறை கண்ணில் பட்டது. அப்போது நான் ஒரு மகளுக்குத் தகப்பன். பத்தொன்பதில் வில்லியாகத் தெரிந்த அந்தத் தாய், கடன் கழுத்தை நெரிக்க, முத்துமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நகைக்கடையில் நிற்பதைப் பார்த்தேன். ரோலாந் வந்து உட்கார்ந்து, மெல்லிய குரலில், ஆன்ட்வெர்ப்பில் தான் பார்த்த மாதா ஓவியம்போல் இருக்கிறாள் என்று ழான்வியேவைச் சொல்லும்போது, அந்த மனிதனுக்கு ஒரு பழைய காதல் இருந்திருப்பது தெரிந்தது. தெமி 1961-இல் எடுத்த ‘லோலா’வில் காதலித்துத் தோற்றவன் இதே ரோலாந்தான், ஒரு படத்தில் இழந்தவனுக்கு இன்னொரு படத்தில் ஒரு வீடு கட்டிக்கொடுத்திருக்கிறார் இயக்குநர். ஓரமாக நின்று ஒருவருடைய அத்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த மதலேனும் அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தாள். பெரியப்பா சொன்னது சரி. யாருமே கெட்டவர்கள் இல்லை. யார்மேலாவது பழியைப் போட முடிந்தால் அழுதுவிட்டு எழுந்து போகலாம். முடியாததால்தான் இந்தப் படம் கூடவே வருகிறது. வயது ஏற ஏற, அதற்குள் நாற்காலி மாறி உட்கார நமக்கு இடம் இருந்துகொண்டே இருக்கிறது.

படத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் காலமாகி எட்டு வருடம். பெரியம்மா மட்டும் இருந்தார். அவர் கையில் ஒரு புகைப்படம், அல்ஜீரியாவிலிருந்து வந்தது. பழுப்பேறி, கெப்பியும் மீசையும் மட்டும் மிச்சம். ‘ரெண்டு வருஷம் இதையேதாண்டா பாத்துக்கிட்டிருந்தேன். பாத்துப் பாத்து, அவர் வந்து வாசல்ல நின்னப்ப, யாருங்கன்னு கேட்டுட்டேன்’ என்றார். புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து ஆளின் முகம் மறந்துபோவதைப் பற்றி ழான்வியேவும் பாடுகிறாள். பெரியம்மா அந்தத் திரைப்படத்தைப் பார்த்ததேயில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், பாரிசில் வேலை பார்க்கும் மகள் என்னை ஷெர்பூருக்கு அழைத்துப் போனாள். அவளுக்கு இந்தப் படம் ‘லா லா லேண்ட்’ வழியாக வந்தது. அந்தப் படத்தை எடுத்தவருக்குத் தெமிமேல் இருக்கும் பக்தியைப் படித்துவிட்டு, ஒரு ராத்திரி படுக்கையில் சாய்ந்தபடி கைப்பேசியில் பார்த்து முடித்து, ‘அப்பா, நீ எனக்குத் தப்பா பாடின பாட்டு இதுதானா?’ என்று செய்தி அனுப்பினாள். சேன் லசார் நிலையத்திலிருந்து மூன்று மணி நேர ரயில். மழை வேண்டுமென்று வேண்டிக்கொண்டு போனோம், பளீரென்று வெயில். படத்தில் குடைக்கடையாக வந்த இடம் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது, இப்போது வேறு வியாபாரம். ஆனால் படம் வெளிவந்து இருபது வருடத்துக்குப் பிறகு, அதன் புகழாலேயே, அந்த ஊரில் நிஜமாகவே குடை தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கற்பனைக் கடை ஒன்று உண்மையான குடைகளைப் பெற்றுப் போட்டிருக்கிறது. விலை கேட்டு மலைத்து, தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். மகள் எனக்குத் தெரியாமல் ஒன்று வாங்கியிருந்தாள்.

ரயில் நிலையத்தில் நடைமேடை ஓரத்தில் நின்றோம். ‘ஒரு கால் பண்ணிப் பேசியிருந்தா எல்லாம் சரியாயிருக்கும்ல?’ என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் அவள் முகத்தை நான் கைப்பேசியில் பார்க்கிறேன். என்ன சாப்பிட்டாள், குளிருக்கு என்ன போட்டிருக்கிறாள் என்று கேட்கிறேன். பெரியம்மாவுக்கு இது கிடைத்திருந்தால் கொடுத்துவைத்தவர். ஆனால் என் ரயில் புறப்பட்டபோது அவள் நடைமேடையில் நின்றாள். எனக்குப் பாரிஸ், அங்கிருந்து விமானம். அவளுக்கு ஷெர்பூரில் தோழி வீட்டில் இரண்டு நாள். சன்னலில் அவள் சிறுத்துக்கொண்டே போனாள். அடுத்த நிமிடமே அவள் முகம் என் கைப்பேசியில் பெரிதாக வந்தது. இரண்டு முகத்துக்கும் நடுவே இருந்த அந்த ஒரு நிமிடத்தை எந்தக் கருவியாலும் அடைக்க முடியவில்லை.

கடைசிக் காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். பனியில் கார் நிற்கிறது. உள்ளே ழான்வியேவ்; பக்கத்தில் குழந்தை, பெயர் பிரான்சுவாஸ். கீக்கும் மதலேனுக்கும் பிறந்த மகனின் பெயர் பிரான்சுவா. பிரிவதற்கு முன் இருவரும் சேர்ந்து கண்ட கனவின் பெயர், இரண்டு வீட்டிலும் தனித்தனியாக வளர்கிறது. மகளைப் பார்க்கிறாயா என்று அவள் கேட்கிறாள். அவன் மறுக்கிறான். அவர்களுடைய வாழ்நாள் துக்கத்துக்கு நடுவே, பெட்ரோல் போட வந்த பையன் எந்த வகை போடுவது என்று கேட்கிறான், அதையும் பாடித்தான். நானூறு வார்த்தை வசனம் எழுத வேண்டிய இடத்தில் தெமி வைத்தது இதைத்தான். அவர் நாந்து நகரத்தில் ஒரு கராஜ்காரரின் மகனாக வளர்ந்தவர்; இப்படி எத்தனை பேருடைய பெருமூச்சுகளைப் பெட்ரோல் வாசனையோடு கேட்டிருப்பார்!

போன வாரம் ஐப்பசி மழையில், ஷெர்பூர்க் குடையைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் ஒரு பங்க்கில் வண்டியை நிறுத்தினேன். இருபது வயதுப் பையன், தலையில் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தான். யாருடனோ சண்டை போட்டவன்போல, அல்லது யாரையோ ரயிலேற்றிவிட்டு வந்தவன்போல, கண் சிவந்திருந்தது. கேட்கவில்லை. குழாயைச் செருகிவிட்டு, நாளைக்கு நூறு தடவை சொல்கிற அந்த வார்த்தையை, கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் இறக்கி, அவன் சொன்னான்:

‘ஜீரோ பாத்துக்குங்க சார்.’

பார்த்தேன். மூன்றாவது வரியில் நான் இறக்குகிற அதே இடத்தில்தான் அவனும் இறக்கினான்.